பள்ளியில் 'பெரிய ஆள்' என்ற பெயர் வாழ்நாள் முழுக்கக் கூட வருமா? டெல்லித் தமிழ்ப் பெற்றோரும் பழைய மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் டெல்லியில் 28 வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இதே ஊரில்தான் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டுப் படியிறங்கினால், யாராவது ஒருவர் "டீச்சர், ஒரு நிமிஷம்" என்று நிறுத்துவார். மார்க் பற்றித்தான் கேட்கப் போகிறார்கள் என்று நினைப்பேன். பாதி நேரம் அது மார்க்காக இருக்காது. "பையனை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை", "பெண் பாப்புலராக இருக்கிறாள், அது நல்லதா?" என்று வரும். நாற்பது வயது தாண்டிய பழைய மாணவர்களும் தங்களைப் பற்றியே கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும், நான் பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்கூலில் ராஜா மாதிரி இருந்தவர்கள் பிறகும் அப்படியே இருப்பார்களா?

சிலர் இருப்பார்கள், பலர் இருக்கமாட்டார்கள். மழுப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். 'ராஜா' என்று நாம் சொல்வதற்குள் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒரு பிள்ளையை எல்லோரும் பார்க்கிறார்கள்; அவன் முடி வெட்டிய மாதிரி வெட்டிக்கொள்கிறார்கள், அவன் சிரித்தால் சிரிக்கிறார்கள். இன்னொரு பிள்ளையை எல்லோருக்கும் பிடிக்கிறது. சின்ன வகுப்புகளில் பெரும்பாலும் இரண்டும் ஒரே பிள்ளையாக இருக்கும். ஏழு, எட்டாம் வகுப்பு வாக்கில் பிரிய ஆரம்பிக்கும்.

இதை ஆராய்கிறவர்கள் பிள்ளைகளிடமே கேட்பார்கள். "உனக்கு யாரைப் பிடிக்கும்? யாரைப் பிடிக்காது?" என்பது ஒரு கேள்வி. "இந்த வகுப்பில் யார் பாப்புலர்?" என்பது இன்னொரு கேள்வி. பதின்ம வயதில் இந்த இரண்டுக்கும் வரும் பெயர்ப் பட்டியல் ஒரே மாதிரி இருப்பதில்லை. அமெரிக்காவில் ஜான் கோய், கென்னத் டாட்ஜ் முதலானோர் 1982-ல் முதல் கேள்வியை வைத்துப் பிள்ளைகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள்: பலருக்கும் பிடித்தவர்கள், ஒதுக்கப்பட்டவர்கள், யார் கண்ணிலும் படாதவர்கள், பாதிப்பேருக்குப் பிடித்து பாதிப்பேருக்குப் பிடிக்காதவர்கள், நடுவில் இருப்பவர்கள். நம் 'ராஜா' பல நேரம் இந்த நாலாவது வகை.

ஆராய்ச்சி எதையும் படிக்காத காலத்திலேயே இது என் கையில் சீட்டாக வந்து விழுந்தது. குரூப் பிராஜெக்ட் கொடுக்கும்போது, யாரோடு சேர்ந்து செய்ய ஆசை என்று இரண்டு பெயர் எழுதி மடித்துத் தரச் சொல்வேன். ஒரு வருடம் எட்டாம் வகுப்பில், ஸ்கூல் பஸ்ஸின் கடைசி இருக்கையை ஆண்ட பையனின் பெயர் மூன்று சீட்டில் இருந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் காம்பஸ் கடன் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்கவும் கூச்சப்படும் ஒரு பெண்ணின் பெயர் பதினொரு சீட்டில் இருந்தது. அவளுக்கு அது தெரியாது. அன்றைக்கு நான் அவளிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

பதிமூன்று வயதிலேயே காதல், பார்ட்டி என்று 'பெரியவர்கள்' மாதிரி நடக்கும் பிள்ளைகள்?

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஆலனும் அவர் குழுவும் 184 பிள்ளைகளை 13 வயதிலிருந்து 23 வயது வரை விடாமல் பின்தொடர்ந்து பார்த்து, 2014-ல் வெளியிட்டார்கள். வயதை மீறிய காதல், சின்னச் சின்ன விதிமீறல், அழகான பிள்ளைகளோடு மட்டும் சேருவது, இதெல்லாம் 13 வயதில் அவர்களுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. கொஞ்ச வருடத்திலேயே அந்தப் பெயர் மங்கியது. இருபது தாண்டியபோது குடி, போதை சார்ந்த சிக்கல்கள் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். நட்புகளை நிலைக்க வைப்பதிலும் பின்தங்கினார்கள்.

இதைப் படித்துவிட்டு, "பாப்புலர் பிள்ளைகள் எல்லாம் கெட்டுப்போவார்கள்" என்று யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குப் பரிதாபம்தான். மற்றவர்களின் கண்ணைத் தக்கவைக்க வாராவாரம் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டியிருக்கிறது. வயதுக்கேற்ற நட்பைக் கற்றுக்கொள்ள வேண்டிய வருடங்கள் அதிலேயே கரைந்துவிடுகின்றன.

அப்படியானால் ஸ்கூலில் நண்பர்கள் அதிகம் இருந்தால் ஒரு லாபமும் இல்லையா?

இருக்கிறது. சம்பளத்திலேயே தெரிகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957-ல் பள்ளி முடித்த 10,317 பேரை ஆய்வாளர்கள் அவர்கள் முதுமை வரை தொடர்ந்து வருகிறார்கள். அதிலிருக்கும் ஆண்களை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். வகுப்புத் தோழர்களில் எத்தனை பேர் "இவன் என் நெருங்கிய நண்பன்" என்று ஒருவரைக் குறிப்பிட்டார்கள், சுமார் 35 வருடம் கழித்து அவர் சம்பளம் என்ன என்று பார்த்தார்கள். கூடுதலாக ஒருவர் குறிப்பிட்டாலே சம்பளம் சுமார் 2 சதவீதம் கூடியிருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அவன் எத்தனை பேரை நண்பன் என்று சொன்னான் என்பதைவிட, எத்தனை பேர் அவனைச் சொன்னார்கள் என்பதுதான் கணக்கில் நின்றது. பிடித்த பிள்ளையாக இருப்பது ஒரு திறமை. எப்போது பேச வேண்டும், எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும், யார் முகம் வாடியிருக்கிறது என்று அறிவது. ஆபீசுக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது.

உயரமான பையன்களுக்கு எல்லாம் சுலபமா?

பெரியவர்களில் உயரமான ஆண்கள் கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதிப்பது பல நாட்டுக் கணக்குகளில் இருக்கிறது. 2004-ல் பெர்சிகோ, போஸ்ட்ல்வைட், சில்வர்மன் என்ற மூவர் பிரிட்டன், அமெரிக்கத் தகவல்களை எடுத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பதினாறு வயதில் எவ்வளவு உயரம் என்பதுதான் சம்பளத்தோடு ஒட்டியது. பிறகு எவ்வளவு வளர்ந்தான் என்பது பெரிதாக ஒட்டவில்லை. பதினாறில் குள்ளமாக இருந்தவன் விளையாட்டுக் குழுக்களிலிருந்தும் கிளப்புகளிலிருந்தும் ஒதுங்கிவிடுகிறான், அங்கே கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்காமல் விடுகிறான் என்பது அவர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. பையன் குட்டையாக இருக்கிறானே என்று மருந்து தேடும் பெற்றோருக்கு நான் சொல்வது: ஏதாவது ஒரு குழுவில் அவனைச் சேர்த்துவிடுங்கள். கேரம் கிளப் ஆனாலும் சரி, மிருதங்க வகுப்பு ஆனாலும் சரி.

ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினவர்கள்?

சின்ன வகுப்பு ரேங்குக்குக்கூட ஒரு நீண்ட நிழல் உண்டு. இங்கிலாந்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகவலை வைத்து மர்ஃபி, வைன்ஹார்ட் என்ற இருவர் 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே அளவு திறமை உள்ள இரண்டு பிள்ளைகளில், ஆரம்பப் பள்ளியில் தன் வகுப்புக்குள் மேலே இருந்த பிள்ளை உயர்நிலைப் பள்ளியிலும் கூடுதல் நன்றாகச் செய்தது. தன்னம்பிக்கைக்கு இதில் பங்கு உண்டு என்பது அவர்கள் தந்த விளக்கம். எப்படியாவது பெரிய பெயருள்ள பள்ளியில் தள்ளிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், அங்கே பிள்ளை கடைசி வரிசைக்குப் போய்விடுமா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள்.

நாங்கள் டைப் டூ குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஸ்கூலில் யாரும் எங்களை மதித்ததில்லை. அது எங்கள் தவறா?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சொந்த வீடு துவாரகாவில், இரண்டு பிள்ளைகள் நல்ல வேலையில். கேட்கும்போது குரல் உடைந்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெல்லிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. மத்திய அரசு ஊழியரின் சம்பள நிலையைப் பொறுத்து வீடு கிடைக்கும்: டைப் ஒன், டைப் டூ, டைப் த்ரீ, டைப் ஃபோர் என்று. ஆர்.கே.புரம், சரோஜினி நகர், நேதாஜி நகர், லட்சுமிபாய் நகர், மோத்தி பாக் எல்லாம் இப்படி வரிசை வரிசையாகக் கட்டிய காலனிகள். ஒரு பிள்ளை தன் பிளாக் நம்பரைச் சொன்ன உடனேயே அப்பா குமாஸ்தாவா, செக்ஷன் ஆபீசரா, அதற்கும் மேலா என்று எதிரில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அப்பாவின் பதவியைச் சுவரில் எழுதி ஒட்டிய மாதிரி.

எங்கள் வீடு டைப் டூ. எதிர்ப் பக்கம் டைப் ஃபோர். நடுவில் ஒரு பார்க். குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்கு எல்லோரும் அந்தப் பார்க்குக்கு வருவார்கள். பெரியவர்கள் பாய் விரித்து மணிலாக்கொட்டை உரிப்பார்கள். எங்கள் பக்கத்துப் பாய்களும் அவர்கள் பக்கத்து மடக்கு நாற்காலிகளும் எப்போதும் பார்க்கின் இரண்டு முனையில்தான் இருக்கும். ஷட்டில்காக் ராக்கெட் அவர்களிடம் இருந்தது. இறகு எங்கள் பக்கம் பறந்து வந்து விழுந்தால் எடுத்துக் கொடுப்போம். கூப்பிட்டால் ஆடுவோம். யாரும் எங்களைத் திட்டியதில்லை, விரட்டியதில்லை. இருந்தாலும் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பதினோரு வயதில் அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதனால் அவரிடம் சொன்னேன்: ஸ்கூல் அந்தஸ்து என்று நாம் தூக்கிச் சுமப்பதில் பெரும் பங்கு பள்ளியில் உண்டானதே கிடையாது. அது வீட்டிலிருந்து பேக்கோடு வந்தது. அப்பாவின் பே ஸ்லிப்பை நம் முகத்தில் ஒட்டிக்கொண்டு நடந்தோம்.

பள்ளி நினைத்தால் அதை மாற்ற முடியும் என்பதற்கு இதே டெல்லியில் சான்று இருக்கிறது. 2007 முதல் டெல்லியின் பல பெரிய தனியார் பள்ளிகள் ஒரு பங்கு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டி வந்தது. பிறகு 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 25 சதவீதம் என்று நாடு முழுக்கக் கொண்டுவந்தது. பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் அந்த டெல்லிப் பள்ளிகளில் ஆராய்ந்தார். ஏழைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த பணக்காரப் பிள்ளைகள் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ரிலே ஓட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது, வேகமாக ஓடுகிற ஏழைப் பிள்ளையை ஒதுக்கிவிட்டு மெதுவாக ஓடுகிற பணக்காரப் பிள்ளையை எடுக்கும் வழக்கம் அவர்களிடம் குறைந்திருந்தது. 2019-ல் இது வெளியானது. வகுப்பில் கெட்ட வார்த்தை கொஞ்சம் கூடியது, ஆங்கில மார்க் லேசாகக் குறைந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. கூடப் படித்தார்கள் என்பதைவிட, ஒரே குழுவில் போட்டுச் சேர்ந்து வேலை செய்ய வைத்ததுதான் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவந்தது.

அமெரிக்காவில் ராஜ் செட்டியின் குழு 7 கோடிக்கும் அதிகமானவர்களின் ஃபேஸ்புக் நட்புகளை வைத்து 2022-ல் வெளியிட்டதும் இதே திசையில்தான் போகிறது. ஏழைப் பிள்ளைக்கு வசதியான வீட்டு நண்பர்கள் கிடைக்கும் ஊர்களில், அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு வருமானமும் கூடியிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஜங்புராவில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்தான் ஞாபகம் வந்தது. 2025 ஜூனில் அது இடிக்கப்பட்டது. தகுதி உண்டு என்று சொல்லப்பட்ட குடும்பங்களுக்கு ஊரின் மறுகோடியில், நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். சுவரும் கூரையும் கிடைத்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பிள்ளைகள் பக்கத்து பெஞ்சையும் இழந்திருக்கிறார்கள்.

ஹிந்தி சரியாக வராததால் கேலி செய்தார்கள். அது இன்றும் உள்ளே இருக்கிறது. இவ்வளவு சின்ன விஷயம் ஏன் போக மாட்டேன் என்கிறது?

சின்ன விஷயம் என்று யார் சொன்னது?

என் கதையைச் சொல்கிறேன். 1976-ல் அம்பாசமுத்திரத்திலிருந்து அப்பாவுக்கு வந்த டிரான்ஸ்ஃபரோடு டெல்லி வந்தேன், ஆறாம் வகுப்புக்கு. ஹிந்தியில் பேசுகிறவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து வினைச்சொல் மாறும். தமிழில் 'நான் போகிறேன்' எல்லோருக்கும் ஒன்றுதான். இரண்டாவது வாரம், டீச்சர் எங்கே கிளம்பினாய் என்று கேட்டதற்கு எழுந்து நின்று தெளிவாக, சத்தமாக, "மைம் கர் ஜாத்தா ஹூம்" என்றேன். ஜாத்தீ என்று சொல்லியிருக்க வேண்டும். ஜாத்தா என்பது ஆண்பிள்ளை சொல்வது. ஒரு வினாடி அமைதி. அப்புறம் வகுப்பே சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று மதியமே எனக்கு 'பாயி சாஹப்', அதாவது 'அண்ணாச்சி', என்று பெயர் வந்துவிட்டது. பெயர் வைத்தது ஹவுஸ் கேப்டனின் தங்கை. எட்டாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பெயர்தான். 'மதராசி' என்று கூப்பிட்டபோதுகூட எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை. அது நம் எல்லோருக்கும் பொது. இது எனக்கென்றே செய்தது.

இரண்டு வருடம் வகுப்பில் நான் ஹிந்தியில் வாக்கியமே பேசவில்லை. ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன். 'ஹாம்', 'நஹீம்', 'பதா நஹீம்'. கணக்கில் நான் ஒட்டிக்கொண்டதே அதில் ஆண்பால் பெண்பால் இல்லை என்பதால்தான். அது பின்னால் என் தொழிலாகவும் ஆனது. ஆகவே பள்ளி அந்தஸ்து வாழ்க்கையை மாற்றுமா என்று கேட்டால், என் விஷயத்தில் ஆமாம், மாற்றியது. மாற்றியதெல்லாம் கெடுதலாகவே முடியவில்லை.

கேலி வேறு, தொடர் கொடுமை வேறு. பிரிட்டனில் 1958-ல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கத் தொடரும் ஆய்வு ஒன்று உண்டு. அதில் 7,771 பேரை வைத்து டகிசாவா, மோகன், ஆர்சனோ மூவரும் 2014-ல் எழுதினார்கள். 7, 11 வயதில் அடிக்கடி கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 45 வயதிலும் மனச்சோர்வு, பதற்றம் அதிகம், 50 வயதில் உடல்நலமும் பின்தங்கியது, துணையும் நண்பர்களும் குறைவு. வீட்டு நிலை, அறிவுத்திறன் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. அதனால் "எல்லோரும் தாண்டி வந்ததுதானே" என்று பெரியவர்கள் தட்டிக்கழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தாண்டி வந்தவர்களைத்தான் நமக்குத் தெரிகிறது.

சாதி? டெல்லியில் யார் பார்க்கிறார்கள்?

பார்க்கிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, வீட்டில் எப்படிப் பேசுவீர்கள் என்று நம்மவர்கள் கேட்பதன் உள்ளர்த்தம் பிள்ளைகளுக்கும் விளங்கும். கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப்பிரதேசக் கிராமத்துப் பையன்களுக்குப் தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒருவர் சாதி மற்றவருக்குத் தெரியாதபோது, உயர்சாதிப் பையன்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் சமமாகத் தீர்த்தார்கள். சாதியை எல்லோர் முன்னும் அறிவித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்த எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிட்டது. அதே பையன்கள்தான், அதே மூளைதான். நானும் பல வருடம் ஸ்காலர்ஷிப் படிவத்துக்காக வகுப்பில் "எஸ்.சி. பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்று கூப்பிட்டிருக்கிறேன். அது தவறு. அப்புறம் தனித்தனியாக ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொல்லிப் படிவம் கொடுக்க ஆரம்பித்தேன். இதை இளம் ஆசிரியர்கள் படித்தால், தயவுசெய்து முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்யுங்கள்.

நாற்பத்தைந்து வயதாகிறது. பழைய வகுப்புத் தோழிகளைப் பார்த்தால் மட்டும் மறுபடி பதினாலு வயதாகிவிடுகிறேன். ஏன்?

பத்து வயதிலிருந்து முப்பது வரை நடந்தவை மற்ற வருடங்களைவிட அழுத்தமாக ஞாபகத்தில் நிற்கும் என்பது நினைவாற்றல் ஆராய்ச்சியில் பலமுறை பார்த்த விஷயம். பதின்ம வயதில் மூளையும் சக வயதினரின் பார்வைக்கு அதிகமாகத் துடிக்கிறது. லாரன்ஸ் ஸ்டைன்பெர்கின் குழு 2011-ல் காட்டியது இது: கார் ஓட்டும் விளையாட்டில் நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே பதின்ம வயதினர் கூடுதல் ஆபத்தான முடிவு எடுக்கிறார்கள், பரிசைத் தேடும் மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்குகின்றன. பெரியவர்களுக்கு அந்த வித்தியாசம் இல்லை. அந்த வயதில் பதிந்தது ஆழமாகத்தான் பதியும்.

எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழு சில வருடம் முன் மயூர் விஹாரில் ஒரு வீட்டில் கூடியது. எனக்குப் பெயர் வைத்தவளும் வந்திருந்தாள். முட்டிவலி, மெதுவாக உட்கார்ந்தாள். நான் தட்டில் சோலே பட்டூரே போட்டுக்கொண்டு போய் அவள் பக்கத்திலேயே அமர்ந்தேன். ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். "பாயி சாஹப் என்று என்னைக் கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா?" அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். ஞாபகம் இல்லை. பொய் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. பிறகு அவளே சொன்னாள்: "எனக்கு உன்மேல் பயம். கணக்கு நோட்டைத் திருத்தித் தரும்போது டீச்சர் தினம் உன் பெயரைச் சொல்வாள். வீட்டுக்குப் போனால் என் அப்பாவும் உன் பெயரைச் சொல்லித்தான் அடிப்பார்."

நாற்பது வருடம் நான் கீழே இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் தான்தான் கீழே என்று நினைத்திருக்கிறாள். எனக்கு அதைக் கேட்டுத் திருப்தி வரவில்லை, அடித்தார் என்ற சொல்தான் மனதில் நின்றது. ஆனால் அன்றிலிருந்து அந்தக் குழுவில் ஹிந்தியில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறேன். ஆண்பால் பெண்பால் தவறினால் தவறட்டும்.

என் பையனுக்கு ஒரே ஒரு நண்பன்தான் இருக்கிறான். கவலைப்பட வேண்டுமா?

அந்த ஒருவன் நல்ல நண்பனாக இருந்தால் கவலையே வேண்டாம். ரேச்சல் நார், மேலே சொன்ன ஜோசப் ஆலன் முதலானோர் 169 பேரை 15 வயதிலிருந்து 25 வரை பார்த்து 2017-ல் எழுதினார்கள். 15 வயதில் நெருங்கிய நட்பு இருந்தவர்களுக்கு 25-ல் பதற்றமும் சோர்வும் குறைவு, தன்மதிப்பு கூடுதல். 15-ல் வெறும் பாப்புலராக இருந்தவர்களுக்கு 25-ல் மற்றவர் முன் பதற்றம் அதிகம்.

எனக்கும் ஒருத்தி இருந்தாள். சர்தார் வீட்டுப் பெண். என் டிஃபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் என்றால் அவள் பராட்டாவை நகர்த்திவிட்டு என் டப்பாவை இழுத்துக்கொள்வாள். மஞ்சள் கறை அவள் வெள்ளை கர்ச்சீப்பில் போகவே போகாது. ஜாத்தீ என்று சொல்லக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான், டிடிசி பஸ்ஸில், வேறு யாருக்கும் கேட்காத குரலில்.

என் பெண்தான் மற்றவர்களைச் சீண்டுகிறாள் என்று ஸ்கூலில் சொல்கிறார்கள். நம்ப முடியவில்லை.

கேட்க வந்தீர்களே, அதுவே பெரிது. பெரும்பாலான பெற்றோர் பள்ளியோடு சண்டைக்குப் போவார்கள். முதலில் பார்க்க வேண்டியது: அவளையும் யாராவது எங்காவது சீண்டுகிறார்களா? அமெரிக்காவில் வில்லியம் கோப்லண்ட் குழு 2013-ல் வெளியிட்ட நீண்டகால ஆய்வில், தானும் கொடுமைக்கு ஆளாகி மற்றவரையும் கொடுமைப்படுத்திய பிள்ளைகள்தான் வளர்ந்த பிறகு மற்ற எல்லாரையும்விட அதிகம் துன்பப்பட்டார்கள். பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை. வீட்டில் அடி விழுகிறதா, அண்ணன் மட்டம் தட்டுகிறானா, டியூஷனில் ஏதாவது நடக்கிறதா என்று பாருங்கள். "நீ கெட்டவள்" என்று சொல்லாதீர்கள். மனிதர்கள் மாறுவார்கள் என்று நம்பும் பதின்ம வயதினர், ஒதுக்கப்படும்போதும் அவமானப்படும்போதும் குறைவாகவே நொறுங்குகிறார்கள், பழிவாங்கும் எண்ணமும் குறைகிறது என்று டேவிட் யேகரின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. உங்கள் பெண்ணுக்கும் அது பொருந்தும்.

பள்ளியை மாற்றிவிடலாமா?

பள்ளியில் எழுத்தில் புகார் கொடுத்து, வகுப்பு ஆசிரியரையும் பிரின்சிபாலையும் பார்த்து, ஒரு மாதத்தில் எதுவும் அசையவில்லை என்றால் மாற்றுங்கள். ஒன்பதாம் வகுப்பில் சி.பி.எஸ்.இ. பதிவு நடக்கும் என்பதால், அதற்கு முன் மாற்றினால் காகித வேலை குறைவு. நம் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் இன்னொரு வசதி உண்டு. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-ல் தொடங்கியது, இப்போது ஏழு பள்ளிகள் நடத்துகிறது. அங்கேயும் பிள்ளைகள் பிள்ளைகள்தான், கேலி இருக்கும். ஆனால் தமிழ் பேசுவதே கேலிக்குக் காரணம் ஆகாத ஓர் இடம் சில பிள்ளைகளுக்கு மூச்சு விட உதவும்.

பெண் காலையில் வயிற்றுவலி என்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி வருவதில்லை. என்ன செய்ய?

அந்த வலி நிஜம். நடிக்கிறாள் என்று அதட்ட வேண்டாம். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம் நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரிக்காமல், காய் நறுக்கும்போதோ ஸ்கூட்டரில் போகும்போதோ பேச்சுக் கொடுங்கள். முகத்தைப் பார்க்காதபோதுதான் பிள்ளைகள் பேசுகிறார்கள். "யார் செய்தது?" என்று தொடங்காதீர்கள். "இடைவேளையில் எங்கே நிற்பாய்? யார் பக்கத்தில் இருப்பார்கள்?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில் முழுக்கதையும் அந்தப் பதிலில் வந்துவிடும்.

தன்னைத் தானே காயப்படுத்துவது பற்றியோ, இல்லாமல் போய்விடலாம் என்றோ ஒரு சொல் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி-மானஸ் எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. இரண்டையும் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவையுங்கள், பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில்.